சால்மனுக்கு எந்த ஃப்ளை என்று கேட்டவருக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. குளங்களில் ட்ரவுட் மீன் பிடிக்க 9 அடி ராட் (தூண்டில் கம்பு) ஒன்று கையில் இருக்கிறது. கூட வேலை செய்பவர் செப்டம்பர் மூன்றாம் வாரம் ஸ்பே ஆற்றில் இரண்டு நாள் சால்மன் பிடிக்க வரச் சொல்லியிருக்கிறார். கடைக்குப் போனால் சுவர் முழுக்க ஃப்ளை (ரோமமும் இறகும் கட்டிய தூண்டில் முள்) அடுக்கியிருக்கிறது. எதை வாங்குவது, ராடும் புதிதாக வாங்க வேண்டுமா?

கேட்டது ஃப்ளையைப் பற்றி. ஆனால் எனக்குப் புரிந்தவரை, கையில் இருக்கிற பணத்தை எதில் போட்டால் இரண்டு நாளில் ஒரு மீனாவது தொடும் என்பதுதான் உங்கள் கவலை. அதற்கு என் பதில்: முதலில் வீச்சு கற்றுக்கொள்ள ஒரு அரை நாள், அடுத்தது சரியான லைன் (வீசுகிற கனமான தூண்டில் நூல்), அதற்கப்புறம் ராட். ஃப்ளை கடைசி. கடைக்காரர் இதே வரிசையைத் தலைகீழாகச் சொல்லுவார், ஏனென்றால் ஃப்ளை பார்க்க அழகாக இருக்கும், ஒவ்வொன்றாக வாங்கத் தோன்றும்.

நான் இந்தப் பக்கம் வந்து பதினாறு சீசன் ஆகிறது. டீ, ஸ்பே, டெவரான் என்று வடகிழக்கு ஸ்காட்லாந்து ஆறுகளில்தான் என் அனுபவம் முழுக்க. நார்வேயின் பெரிய ஆறுகளுக்கும், அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் சால்மனுக்கும் கணக்கு வேறு. இங்கே சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். (ஊரில் மீன் கடையில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பது காலா மீன். அதற்கும் இதற்கும் உறவே கிடையாது.)

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ட்ரவுட் பசிக்குத் தின்னும். சால்மன் அப்படியில்லை. கடலில் தின்று கொழுத்துவிட்டு முட்டையிட ஆற்றுக்குள் வந்ததும் அது சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. குடல் சுருங்கிவிடும், சேர்த்து வைத்த கொழுப்பில்தான் மாதக்கணக்கில் உயிர் வாழும். இது உறுதியான விஷயம். அப்படியானால் ஏன் ஃப்ளையைக் கடிக்கிறது? கடலில் இறால் தின்ற பழக்க தோஷம் என்பார்கள், எரிச்சல் என்பார்கள், வெறும் ஆர்வம் என்பார்கள். எல்லாமே ஊகம்தான், யாரும் நிரூபித்ததில்லை. ஆகவே ட்ரவுட்டுக்குச் செய்வதுபோல, இன்றைக்கு என்ன பூச்சி பறக்கிறது என்று பார்த்து அதே மாதிரி ஃப்ளை கட்டுகிற வேலை இங்கே செல்லாது. பசியில்லாத ஒருவரை ஒரு வாய் சாப்பிட வைக்கப் பார்க்கிறோம். இலையில் என்ன இருக்கிறது என்பதைவிட எந்த நேரத்தில், எவ்வளவு கிட்டத்தில் நீட்டுகிறோம் என்பதுதான் அங்கே பெரிது.

அந்தக் ‘கிட்டம்’ தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த தண்ணீரில் மீன் மந்தமாக இருக்கும், தரையை விட்டு மேலே எழும்பி வராது. ஃப்ளைதான் கீழே இறங்கிப் போக வேண்டும், பெரிதாகவும் மெதுவாகவும் போக வேண்டும். தண்ணீர் சூடேறியதும் மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே போகிற சின்ன ஃப்ளைக்கும் எழும்பி வரும். பிரிக்கிற கோடு ஏறக்குறைய 9, 10 டிகிரி செல்சியஸ் என்பது இங்கே பல தலைமுறையாகச் சொல்லப்படுவது. டீ ஆற்றில் கேர்ன்டன் என்ற இடத்தில் ஆர்தர் வுட் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். அந்தக் காலத்துப் பட்டு லைன் தண்ணீரில் மூழ்கும். அவர் அதற்குக் கொழுப்பு தடவி மிதக்கவிட்டு, சின்னச் சின்ன ஃப்ளையை மேலாக்க ஓட்டினார். வசந்த காலத்திலும் கோடையிலும் ஏராளமான மீன் பிடித்துக் காட்டினார். இன்றைக்கு நாம் ‘ஃப்ளோட்டிங் லைன்’ என்று கடையில் கேட்டு வாங்குவதன் தாத்தா அதுதான். உங்கள் செப்டம்பரில் ஸ்பே பெரும்பாலும் 10 டிகிரிக்கு மேலேதான் இருக்கும், அதாவது கோட்டின் சூடான பக்கம். ஆனாலும் மலையில் ராத்திரி உறைபனி விழுந்தால் காலையில் சட்டென்று இறங்கிவிடும். அதனால் தண்ணீரில் விடுகிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் மிகக் குறைந்த காசுக்கு மிக அதிக லாபம் தருகிற சாமான் அதுதான்.

காற்று தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தால் மீன் மேலே வராது என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. சொல்பவர்கள் அனுபவசாலிகள், அதனால் நானும் அப்படிப்பட்ட காலையில் ஃப்ளையைக் கொஞ்சம் இறக்கித்தான் போடுகிறேன். ஆனால் அது உண்மையா என்று கேட்டால், அதே மாதிரிக் காலையில் மேலாக்கப் போட்ட ஃப்ளையிலும் மீன் பிடித்திருக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

சரி, லைன். உங்களுக்குத் தேவை மிதக்கும் லைன் ஒன்று, அதன் நுனியில் மாட்டிக் கழற்றும்படி லீடர்கள் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கிற நுனித் துண்டு) இரண்டு மூன்று. பாலி லீடர் என்று விற்கிறார்கள். மிதப்பது, மெதுவாக மூழ்குவது, வேகமாக மூழ்குவது என்று வகைக்கு ஒன்று இருந்தால் போதும். தண்ணீர் தெளிந்து தாழ்ந்திருந்தால் மிதக்கும் நுனி. மழை பெய்து இரண்டடி ஏறி, தேநீர் டிக்காஷன் நிறத்தில் ஓடினால் வேகமாக மூழ்குவது. இடைப்பட்ட நிலைக்கு இடைப்பட்டது. முழு மூழ்கும் லைன் பிப்ரவரி, மார்ச் சமாசாரம், இப்போது வாங்காதீர்கள்.

லைன் வாங்கும்போது பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு, நானும் ஏமாந்தேன். ராடிலும் லைனிலும் ஓர் எண் இருக்கும், இரண்டும் பொருந்த வேண்டும் என்பது விதி. ஒற்றைக் கை ராடுக்கான 9 எண் லைனும் இரட்டைக் கை ராடுக்கான 9 எண் லைனும் ஒன்றில்லை. இரண்டாவது, எடையில் முதலாவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நான் எண்ணை மட்டும் பார்த்து இணையத்தில் மலிவாக ஒன்று வாங்கிவிட்டு, என் வீச்சுதான் சரியில்லை என்று ஒரு சீசன் முழுக்க மனம் நொந்திருந்தேன். ராட் வளையவே இல்லை, குடைக்கம்பி மாதிரி நின்றது. லைனை மாற்றிய அன்றே பாதிப் பிரச்சினை போய்விட்டது. எண்ணைவிட்டு எடையைக் கேளுங்கள். கிராமிலோ கிரெய்னிலோ பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும், ராட் செய்தவரும் தன் ராடுக்கு எது சரி என்று சொல்லியிருப்பார்.

இப்போது ராட். உங்கள் 9 அடி ட்ரவுட் ராடால் ஸ்பேயில் சால்மன் பிடிக்கவே முடியாதா? ஓரமாக வந்தால் பிடிக்கலாம். ஆனால் ஸ்பே அகலமான, வேகமான ஆறு. பல மடுக்களில் முதுகுக்குப் பின்னால் மரமும் மேடுமாக இருக்கும், லைனைப் பின்னால் வீச இடமே கிடையாது. அதற்காகத்தான் இதே ஆற்றங்கரையில் ஸ்பே வீச்சு பிறந்தது: லைனைப் பின்னால் முழுக்க எறியாமல், பக்கத்துத் தண்ணீரில் நுனியை ஊன்றி, முதுகுக்குப் பின்னால் ஒரு வளைவை மட்டும் உண்டாக்கி, அப்படியே முன்னால் செலுத்துவது. அதற்கு இரண்டு கையாலும் பிடிக்கிற நீள ராட் வேண்டும். 13 முதல் 15 அடி வரை, எண் 8 முதல் 10 வரை இங்கே புழக்கம். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 14 அடி, எண் 9. சின்ன ஆற்றுக்குச் சற்றே பெரிது, ஸ்பேயின் அகலமான மடுவுக்குச் சற்றே சிறிது, ஆனால் இரண்டிலும் சமாளிக்கும்.

ஆனால் இந்த முறை வாங்காதீர்கள். நண்பரிடமோ, அந்த பீட்டின் கில்லியிடமோ இரவல் கேளுங்கள். (பீட் என்பது ஆற்றில் ஒருவருக்கு உரிமையான பகுதி. அதைப் பார்த்துக்கொண்டு விருந்தாளிகளுக்கு வழிகாட்டுபவர் கில்லி. உச்சரிப்பும் அதேதான், அவரிடம் போய்ச் சிரித்துவிடாதீர்கள்.) முன்கூட்டியே கேட்டால் பல பீட்களில் ராட் தருவார்கள். மிச்சமாகும் பணத்தில் போவதற்கு முன் ஒரு பயிற்சியாளரிடம் அரை நாள் நில்லுங்கள். இரண்டே வீச்சு கற்றுக்கொண்டால் போதும்: சிங்கிள் ஸ்பே, டபுள் ஸ்பே. காற்று ஆற்றின் மேலிருந்து கீழாக அடித்தால் டபுள், கீழிருந்து மேலாக அடித்தால் சிங்கிள். இது பாதுகாப்பு விஷயம். மாற்றிச் செய்தால் காற்று அந்த முள்ளை உங்கள் காதுக்கோ கண்ணுக்கோ கொண்டுவரும். கண்ணாடி போடாமல் ஒரு வீச்சுகூட வேண்டாம்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்ட ஃப்ளை. பெயர்தான் ஈ. கையில் எடுத்துப் பார்த்தால் முள்ளைச் சுற்றி ரோமமும் மினுக்குச் சரிகையும் கட்டிய ஒரு குச்சம். உதாரணத்துக்கு காஸ்கேட்: மஞ்சளும் ஆரஞ்சுமான மான்வால் ரோமம் வால்போல நீண்டிருக்கும், அதற்குள் இரண்டு மூன்று இழை மினுக்கு, உடம்பு பின்பாதி வெள்ளி, முன்பாதி கறுப்பு, மேலே கறுப்பு ரோமம், கழுத்தில் மஞ்சள், ஆரஞ்சு சேவல் இறகு. உலர்ந்திருக்கும்போது துடைப்பம் மாதிரி விறைப்பாக இருக்கும். தண்ணீரில் விட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள், ரோமம் ஒடுங்கி, மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். அந்த அசைவுதான் சரக்கு. இதை உருவாக்கியவர் அலஸ்டர் கோவன்ஸ். 1981-ல் ‘அலீஸ் ஷ்ரிம்ப்’ என்ற ஆரஞ்சு இறாலை உருவாக்கியவரும் அவரே. இந்த இரண்டும் இல்லாத ஃப்ளைப் பெட்டியை இலையுதிர்கால ஸ்காட்லாந்தில் பார்ப்பது அரிது.

உங்கள் பெட்டிக்கு என் பட்டியல் இவ்வளவுதான். காஸ்கேட்டில் அளவு 8, 10, 12 என மூன்று. ஆரஞ்சு இறால் ஒன்று அல்லது இரண்டு. தண்ணீர் கலங்கினால் போட, கறுப்பு, மஞ்சள், ஆரஞ்சு ரோமம் கலந்த ‘வில்லி கன்’ என்ற ஃப்ளை ஓர் அங்குலப் பித்தளை ட்யூபில் ஒன்று. தெளிந்து தாழ்ந்த தண்ணீருக்குச் சின்ன கறுப்பு ஸ்டோட்ஸ் டெயில். எதுவுமே நடக்காத மத்தியானத்துக்கு, மூன்று நான்கு அங்குல நீளக் கறுப்பு ரோமமான சன்ரே ஷேடோ. அதை வேகமாக இழுத்தால் அசையாமல் கிடந்த மீன்கூடச் சில சமயம் துரத்திக்கொண்டு வரும், பெரும்பாலும் கடிக்காமலே திரும்பிப் போகும். ஆனால் அது எங்கே படுத்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். அளவு எண் தலைகீழ் என்பதை மறக்காதீர்கள்: எண் கூடினால் முள் சிறிது. ட்யூப் என்பது நடுவில் துளையுள்ள குழாயில் கட்டிய ஃப்ளை, முள் தனியாக நுனியில் இருக்கும். பிளாஸ்டிக், அலுமினியம், பித்தளை, செம்பு என்று எடையை மாற்றலாம் என்பதுதான் அதன் வசதி.

நிறம்? இங்கேதான் ஒவ்வொரு பப்பிலும் சண்டை. இலையுதிர்காலத்தில் ஆரஞ்சு, கலங்கலுக்கு மஞ்சள், வெயிலுக்கு நீலமும் வெள்ளியும் என்று வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். ஆனால் எல்லோரும் செப்டம்பரில் ஆரஞ்சையே போட்டால் மீன் ஆரஞ்சில்தானே மாட்டும்? போடாத நிறத்தில் மாட்டுமா என்று யார் பார்த்தார்கள்? அளவு, ஆழம், வேகம் மூன்றையும் மாற்றிப் பார்த்து ஒன்றும் நடக்காதபோது நிறத்துக்கு வாருங்கள். இதே ரகத்தில் இன்னொரு கதையும் காதில் விழும். பிரிட்டனில் தூண்டிலில் விழுந்த சால்மன்களில் சாதனை 64 பவுண்டு எடை, 1922-ல் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்தது. ஃப்ளையில் பிடித்தவற்றில் சாதனை 61 பவுண்டு, 1924-ல் டெவரானில் திருமதி மோரிசன் பிடித்தது. இருவரும் பெண்கள் என்பதால், பெண்களின் கை வாசனைக்குச் சால்மன் மயங்குகிறது என்று ஒரு தத்துவம். இரண்டே இரண்டு மீனை வைத்து எழுப்பிய கோபுரம் அது.

ஃப்ளையைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க்காரர் ஒருவரை விட்டுவிட முடியாது. விக்டோரியா காலத்து சால்மன் ஃப்ளைகளில் உலகத்துப் பறவை எல்லாம் இருக்கும்: டூக்கான், மக்கா, பஸ்டர்ட். ‘இந்தியன் க்ரோ’ என்று ஓர் இறகு உண்டு, அது இந்தியாவும் இல்லை, காகமும் இல்லை, தென்னமெரிக்கப் பறவை. ஆனால் ஃப்ளையின் இரண்டு கன்னத்திலும் கண்போலப் பளபளக்கும் அந்த மஞ்சள் வெள்ளைப் பொட்டு இறகு மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நீலகிரியிலும் கூவுகிற நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. இங்கே அதற்கு ‘ஜங்கிள் காக்’ என்று பெயர். இந்தியாவிலிருந்து ஏற்றுமதி தடையாகிப் பல பத்தாண்டு ஆகிறது. இப்போது கிடைப்பது வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்த்த கோழியினுடையது, விலையும் அதற்கேற்ற மாதிரி. அந்தப் பொட்டு வைத்த ஃப்ளை அதிக மீன் பிடிக்குமா? எனக்குத் தெரிந்தவரை வித்தியாசமில்லை. ஆனாலும் என் பெட்டியில் நாலு இருக்கின்றன. ஊர்ப் பாசம், வேறொன்றுமில்லை.

மிச்சச் சாமான்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லீடரின் கடைசி நரம்பு 12 முதல் 15 பவுண்டு தாங்குவதாக இருக்கட்டும். மிதக்கும் நுனியானால் 9, 10 அடி நீளம். மூழ்கும் நுனியானால் 4, 5 அடி போதும், நீளமாக விட்டால் லீடர் கீழே போகும், ஃப்ளை மேலேயே மிதந்து வரும். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள், உலர்வாக இறுக்கினால் நரம்பு சூடாகி பலமிழக்கும். அரை மணிக்கு ஒரு தடவை நரம்பை விரலால் உருவிப் பாருங்கள். காற்றில் தானாக விழுந்த ஒரு சின்ன முடிச்சு பலத்தைப் பாதியாக்கிவிடும். ரீலில் லைனுக்குப் பின்னால் கட்டுகிற பின்நூல் 150 கெஜமாவது வேண்டும், பிரேக் வழுவழுவென்று ஓட வேண்டும், அவ்வளவுதான். ரீலுக்கு ஆடம்பரம் தேவையில்லை.

ஆற்றுக்குள் நின்றதும் செய்ய வேண்டியது இது. எதிர்க்கரை பார்த்து, ஓட்டத்தின் போக்கில் 45 டிகிரி சாய்த்து வீசுங்கள். ஓட்டம் லைனை வயிறு தள்ளச் செய்தால் ராடைத் தூக்கி அந்த வயிற்றை மேல்பக்கமாகப் புரட்டிப் போடுங்கள், ஃப்ளையின் வேகம் குறையும். அது வில்போல வளைந்து உங்கள் கரைக்கு நேர்கீழே வந்து நிற்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் உள்ளிழுத்து, இரண்டு எட்டு கீழே நடந்து மறுபடி வீசுங்கள். ஒரே இடத்தில் நின்று ஐம்பது தடவை வீசுவது ட்ரவுட் குளத்துப் பழக்கம். இங்கே பின்னால் வருபவருக்கு வழி விடாமல் நிற்பது மரியாதைக் குறைவும்கூட.

கடித்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்த பாடம். சின்ன வயதில் வாய்க்கால் ஓரம் மண்புழு கோத்து, தக்கை அமிழ்ந்ததும் சுண்டி இழுத்தே பழகிய கை. டீயில் இரண்டாவது சீசனில், மூன்று நாள் ஒன்றுமில்லாமல் நான்காம் நாள் சாயங்காலம், லைன் மெல்ல, யாரோ சட்டை நுனியைப் பிடித்து இழுப்பதுபோல இறுகியது. சுண்டினேன். தண்ணீரில் ஒரு வெள்ளிப் பக்கம் புரண்டது, லைன் தொய்ந்தது. கரையில் உட்கார்ந்திருந்த கில்லி பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே, “அது உங்களுக்குக் கொடுக்க வந்தது, நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள்” என்றார். சால்மன் ஃப்ளையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பும்; திரும்பும்போது முள் தானாக வாயோரத்தில் ஏறும். அது லைனை ரீலிலிருந்து இழுத்துக்கொண்டு போகட்டும், ரீல் பாடட்டும், அப்புறம் ராடைத் தூக்குங்கள்.

சட்டம் தெரியாமல் போகாதீர்கள். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது. ஸ்பேயின் சீசன் செப்டம்பர் 30-உடன் முடிகிறது. ஆற்றுக்காரரின் எழுத்து அனுமதி கையில் இருக்கட்டும். 2016 முதல் ஆறுகளுக்கு ஆண்டுதோறும் தரம் போடுகிறார்கள், மூன்றாம் தர ஆற்றில் பிடித்த மீனைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத ஆறுகளிலும் இப்போது அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நீங்களும் விடுங்கள். ஸ்காட்லாந்தில் தூண்டிலில் பிடிபடும் சால்மனுக்கு 1952-லிருந்து கணக்கு வைக்கிறார்கள், அதுவரை இல்லாத அளவு மிகக் குறைந்த எண்ணிக்கை 2023-ல் பதிவானது. அதே ஆண்டு பிரிட்டன் சால்மனை அழியும் ஆபத்திலுள்ள பட்டியலில் சேர்த்தார்கள். ஆகவே முள்ளின் தாடியை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்) குறட்டால் நசுக்கிவிடுங்கள், முடிச்சில்லாத ரப்பர் வலை வாங்குங்கள், மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளை எடுங்கள். வாலுக்கு மேலே பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டிருந்தால் அதுவே தெம்பு வந்ததும் கையை உதறிவிட்டுப் போகும். இரவல் வேடர்ஸ் (ஆற்றில் இறங்கப் போடுகிற நீர்புகாக் கால்சட்டை) நார்வே பக்கம் போய் வந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பல ஆறுகளில் சால்மனை அழித்த கைரோடாக்டிலஸ் ஒட்டுண்ணி இந்தத் தீவுக்கு இன்னும் வரவில்லை. எந்த ஊர்த் தண்ணீரில் நனைந்த சாமானானாலும் காயவைத்து, மருந்தில் முக்கி எடுத்துக்கொண்டுதான் ஆற்றில் இறங்க வேண்டும்.

முதல் நாள் காலை பீட்டுக்குப் போனதும் வெப்பமானியைத் தண்ணீரில் விடுங்கள். அது காட்டுவதைக் கில்லியிடம் சொல்லி, என்ன போடலாம் என்று கேளுங்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய மிட்டாய் டப்பாவை எடுப்பார். உள்ளே நாலைந்து ஃப்ளை இருக்கும், ஒன்றில் பாதி ரோமம் உதிர்ந்திருக்கும், பெரும்பாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார். வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டி காரிலேயே இருக்கட்டும்.